போர்க்காலக் கவச வண்டி: அடையாளம் காண்பது, மீட்டெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர் பக்கம் ஒரு ஷெட்டில் நாங்கள் சிலர் சேர்ந்து பழைய ராணுவ வண்டிகளைப் பார்த்துச் சரிசெய்கிறோம். லேத் ஓட்டுபவர், ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர், டிங்கர் வேலை தெரிந்தவர், என்னைப் போல் ஆர்வத்தில் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்று எல்லாரும் இருக்கிறோம். சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் இருந்து எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அதிகம் பேசப்போவது யுனிவர்சல் கேரியர் என்ற வண்டியைப் பற்றி. டாங்கி போல இரும்புச் செயினில் ஓடும், மேல்மூடி இல்லாத சின்னக் கவச வண்டி. பிரென் கன் கேரியர் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

எங்கள் பழைய குடோனில் இரும்பு வண்டி ஒன்று கிடக்கிறது. மிலிட்டரி வண்டி என்கிறார்கள். முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் தொடாதீர்கள். பிரஷ்ஷர் வாட்டர் அடிப்பது, துருவைச் சுரண்டுவது, "ஒரு கோட் பெயின்ட் அடிச்சா நல்லா இருக்கும்" என்று கிளம்புவது எல்லாம் அப்புறம். அந்த வண்டி எங்கே பிறந்தது, எந்தப் படையில் இருந்தது என்பதற்கான சாட்சி முழுக்க அதன் மேல்தான் இருக்கிறது: துருவுக்கு அடியில் எண், பெயின்ட்டுக்கு அடியில் பழைய பெயின்ட், போல்ட்டின் தலையில் ஓர் எழுத்து. ஒரு நாள் வாட்டர் வாஷில் அது போய்விட்டால் திரும்ப வராது.

நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும், மேலிருந்தும், முடிந்தால் அடியிலிருந்தும் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு ஸ்கேல் தெரியட்டும். கழன்று கிடக்கும் சின்னத் துண்டைக்கூடக் காயலான்கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். எந்த இடத்தில் கிடந்தது என்று எழுதி, பையில் போட்டுக் கட்டிவையுங்கள்.

சென்னையில் இந்த மாதிரி வண்டிக்கு என்ன வேலை? இங்கே போர் நடக்கவில்லையே?

நடக்கும் என்று எல்லாரும் நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1942 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திரிகோணமலை என்று வரிசையாகக் குண்டு போட்டன. அடுத்தது மதராஸ்தான் என்று ஊரே காலியானது. அரசு அலுவலகங்கள்கூடக் கடலோரத்தை விட்டு உள் மாவட்டங்களுக்கு மாறின. பர்மாவுக்குப் போகும் படைக்கான வண்டிகளும் சாமான்களும் தென்னிந்தியா வழியாகப் போய் வந்துகொண்டிருந்தன. போர் முடிந்ததும் மிச்சத்தை டிஸ்போசல் ஏலத்தில் விற்றார்கள். லாரிகள் பேருந்தாகவும் சரக்கு வண்டியாகவும் மாறின. கேரியர் போன்றவற்றில் ஃபோர்டு இன்ஜினைக் கழற்றிக்கொண்டு, கவச உடலை அப்படியே விட்டுவிடுவதும் நடந்தது. அதனால் வெறும் கூடு மட்டும் கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

உள்ளே தோட்டா மாதிரி ஏதோ தெரிகிறது. எடுக்கலாமா?

கூடாது. பச்சையாகப் பாசி பிடித்த பித்தளை என்றாலும் கையை வைக்காதீர்கள். 112க்கு அழைத்துச் சொல்லுங்கள். வெடிகுண்டு கண்டறியும் பிரிவு வந்து பார்க்கும். அவர்கள் போன பிறகுதான் மறுவேலை. கேரியரின் தரைத் தகட்டுக்குக் கீழேயும் இருக்கைக்கு அடியிலும் மண் சேர்ந்து கெட்டிப்பட்டிருக்கும். அந்த மண்ணைக் கடப்பாறையால் குத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் அள்ளுங்கள்.

இன்னும் இரண்டு ஆபத்து உண்டு. அந்தக் கால மீட்டர், திசைகாட்டி சிலவற்றில் இருட்டில் ஒளிரும்படி ரேடியம் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிரவில்லை என்பதால் ரேடியம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒளிரும் பூச்சுதான் செத்துப்போயிருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டு ஆகும். கண்ணாடியைத் திறக்காதீர்கள், முள்ளைச் சுரண்டாதீர்கள். இரண்டாவது ஆஸ்பெஸ்டாஸ். பிரேக் லைனிங், கிளட்ச், கேஸ்கெட், சைலன்சர் மேல் சுற்றிய பட்டை எல்லாவற்றிலும் அது இருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றால் ஊதுவது வழக்கம். இந்த வண்டியில் அதைச் செய்யவே கூடாது. தண்ணீர் தெளித்து, நனைந்த துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டுங்கள்.

டாங்கியா, கேரியரா, வேறு ஏதாவதா என்று எப்படிச் சொல்வது?

மேல் பக்கத்தை மறந்துவிட்டுச் சக்கரத்தை எண்ணுங்கள். டரட் (டாங்கியின் மேல் சுழலும் துப்பாக்கிக் கூடு) போயிருக்கலாம், துப்பாக்கி போயிருக்கலாம், தகடு வெட்டியிருக்கலாம். செயினுக்குள் உருளும் சக்கரங்களின் அமைப்பை யாரும் மாற்றுவதில்லை.

பக்கத்துக்கு மூன்று சக்கரம், அதில் முன்னால் இரண்டு ஒரே பிடியில் ஜோடியாக, பின்னால் ஒன்று தனியாக இருந்தால் அது யுனிவர்சல் கேரியர். பக்கத்துக்கு நான்கு சக்கரம், இரண்டு ஜோடி என்றால் அமெரிக்காவில் ஃபோர்டு செய்த டி16 கேரியர். அதில் ஸ்டியரிங் வீல் இருக்காது, லீவர்தான். இரண்டு ஜோடிக்குப் பின்னால் ஒரு பெரிய சக்கரமும் தரையோடு படிந்திருந்தால் ஸ்டூவர்ட் டாங்கி. மூன்று ஜோடி, செயினை இழுக்கும் பல்சக்கரம் முன்பக்கம் என்றால் ஷெர்மன் டாங்கி, அல்லது அதே மாதிரிச் சக்கரம் கொண்ட லீ/கிராண்ட் டாங்கி. செயினே இல்லாமல் நான்கு டயரில் நின்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

ஸ்டூவர்ட் பற்றி ஒரு வார்த்தை. 1948 நவம்பர் 1 அன்று காஷ்மீரின் சோஜி லா கணவாயில், டாங்கி ஏறவே முடியாது என்று எதிரி நினைத்த உயரத்தில் ஏறியவை இந்த ஸ்டூவர்ட்டுகள்தான். டரட்டைக் கழற்றி மறைவாகக் கொண்டுபோய், மேலே மறுபடி பொருத்தினார்கள். அந்தக் கழுதைப் பாதையை டாங்கி போகும் பாதையாக வெட்டிக் கொடுத்தது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை. நம் ஊர்ப் பையன்கள் அந்தக் குளிரில் நின்று செய்த வேலை. அதனால் ஸ்டூவர்ட்டின் ஒரு சக்கரம் எங்காவது கிடைத்தாலும் எனக்குச் சொல்லுங்கள்.

டயர் வைத்த கவச வண்டி, டாடா என்கிறார்களே, நிஜமா?

நிஜம். கனடாவிலிருந்து வந்த ஃபோர்டு சேஸியின் மேல் இந்தியாவிலேயே கவச உடல் கட்டினார்கள். தகடு டாடாவுடையது, கட்டியது டாடாநகர் ரயில்வே பட்டறை. படையில் அதன் பெயரே "டாடாநகர்" என்று ஆகிவிட்டது. 1940 முதல் 1944 வரை 4,600க்கு மேல் செய்தார்கள். மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு. நம் நாட்டில் செய்த போர்க்கால வண்டி என்பதால் அதன் ரிவெட் போட்ட ஒரு தகடு கிடைத்தாலும் எடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.

கேரியர் என்று தெரிந்துவிட்டது. எந்த நாட்டில் செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வேலையே இதுதான். இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா எல்லாம் சேர்ந்து இந்தக் குடும்பத்தில் சுமார் 1,13,000 வண்டிகளைச் செய்தன. உலகத்தில் இவ்வளவு எண்ணிக்கையில் செய்த கவச வண்டி வேறில்லை. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு கைவாகு உண்டு.

தயாரிப்பாளரின் பெயர்த் தகடு இருந்தால் வேலை எளிது. பெரும்பாலும் இருக்காது, பித்தளையை யாராவது எப்போதோ பெயர்த்திருப்பார்கள். அப்போது நாங்கள் போவது போல்ட்டுக்கு. உடலில் யாரும் மாற்றியிராத ஒரு அரை இஞ்சு போல்ட்டைப் பொறுமையாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு இஞ்சுக்கு எத்தனை மரை என்று மரை கேஜ் வைத்துப் பாருங்கள். 16 இருந்தால் பிரிட்டிஷ் ஃபைன், 20 இருந்தால் அமெரிக்க ஃபைன். இடைவெளி அதிகமான பெரிய மரை வகையில் 12 என்றால் பிரிட்டிஷ் விட்வொர்த், 13 என்றால் அமெரிக்க மரை. மரையின் கோணமும் வேறு: பிரிட்டிஷ் 55 டிகிரி, அமெரிக்க 60. கேஜின் பல் உட்காரும் விதத்திலேயே விரல் சொல்லிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இங்கிலாந்தில் செய்த கேரியரிலும் இன்ஜினும் பின் ஆக்ஸிலும் ஃபோர்டு வடிவம், ஆகவே அங்கே அமெரிக்க மரைதான் இருக்கும். இன்ஜின் போல்ட்டை வைத்து "கனடா வண்டி" என்று முடிவு கட்டக்கூடாது. கவசத் தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டும் அமெரிக்க மரையாக இருந்து, அதன் தலையில் ஃபோர்டின் சாய்ந்த எஃப் எழுத்தும் தெரிந்தால் கனடா என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம்.

அடுத்தது இன்ஜின். ஃபோர்டின் வி8, வால்வு பக்கவாட்டில் இருக்கும் வகை. சிலிண்டர் ஹெட் ஒன்றைப் பிடித்திருக்கும் ஸ்டட்களை எண்ணுங்கள். 21 என்றால் பழைய வடிவம். 24 என்றால் 1938 வாக்கில் தொடங்கிய வடிவம். வார்ப்பில் புடைத்து நிற்கும் எண்களின் முன்னால் சி எழுத்து இருந்தால் கனடா வார்ப்பு. ஆனால் இன்ஜின் மாற்றியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆகவே உடலின் சாட்சி முதலில், இன்ஜினின் சாட்சி பிறகு.

பெயின்ட்டில் என்ன தெரியும்?

நிறையத் தெரியும். வண்டி பல பக்கம் பந்தாடப்பட்டிருக்கும். ஒவ்வொரு கைமாற்றுக்கும் ஒரு கோட். வெயில் படாத இடமாக, உதாரணமாக இருக்கைத் தகட்டுக்குப் பின்னால், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் தொட்டு 600ஆம் நம்பர் எமரித் தாளால் வட்டமாகத் தேயுங்கள். நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் தேய்த்தால் அடுக்குகள் வளையம் வளையமாக வெளிவரும்: மேலே யாரோ அடித்த வெள்ளிப் பெயின்ட், அதற்கடியில் கறும்பச்சை, அதற்கடியில் காக்கிப் பழுப்பு, கடைசியில் ரெட் ஆக்சைடு, இரும்பு. பிரிட்டிஷ் வண்டியில் பழுப்பு அடுக்கு இருந்தால் 1942ஐ ஒட்டிய எஸ்.சி.சி. 2 (பிரிட்டிஷ் ராணுவ நிற எண்) ஆக இருக்கலாம், 1944இல் எஸ்.சி.சி. 15 என்ற ஆலிவ் நிறம் வந்தது; கிழக்குப் போர்முனைக்கு ஜங்கிள் கிரீன் தனி. வளையத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத் தகட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். கையால் எழுதிய எண்ணின் விளிம்பு, மேலே நாலு கோட் இருந்தாலும் நிழலாகத் தெரியும். டி எழுத்தில் தொடங்கும் எண் என்றால் அது பிரிட்டிஷ் போர்த்துறை செயின் வண்டிக்குக் கொடுத்த எண். அந்த எண் கிடைத்துவிட்டால் எந்த ஒப்பந்தத்தில் செய்த வண்டி என்பது வரை தேடிப் போகலாம். இந்த இடங்களை நாங்கள் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் புதைப்பதில்லை. மேலே தெளிவான லாக்கர் அடித்து அப்படியே விடுகிறோம்.

எங்கள் கல்லூரி வாசலில் நிற்கும் டாங்கி இரண்டாம் உலகப் போரில் ஓடியது என்று சொல்கிறார்கள். உண்மையா?

நம் ஊரில் பீடத்தின் மேல் நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. ஐந்து சக்கரம், முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மட்டும் பெரிய இடைவெளி என்றால் ரஷ்ய டி-55. ஆறு சக்கரம், பல்சக்கரம் பின்னால், நீளமான 105 மில்லிமீட்டர் குழல் என்றால் விஜயந்தாவாக இருக்கலாம். அது வெளியூர்ச் சரக்கே அல்ல. விக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் வடிவமைப்பில், 1961இல் தொடங்கிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்தது. ஆவடியிலும் பட்டாபிராமிலும் அந்த டாங்கியில் வேலை பார்த்தவர்கள் உள்ள வீடுகள் எத்தனையோ. உங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் உட்கார வைத்துப் பேசிப் பதிவு செய்யுங்கள். எந்தப் பாகம் எதற்கு, எது அடிக்கடி கெடும், எதை எந்தக் கருவியால் கழற்றுவார்கள் என்பது அவர் தலையில் இருக்கிறது.

இப்படி ஒரு வண்டியை வாங்கலாமா? ஆர்.சி. கிடைக்குமா சார்?

ஆயுதம் இல்லாத பழைய உடலை, ஏலக் காகிதமும் விற்பனைக் கடிதமும் சரியாக இருந்தால் வாங்கலாம். அரசு ஏலங்கள் இப்போது எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் வழியாக ஆன்லைனில் நடக்கின்றன. துப்பாக்கி, குழல், அதன் உள்பாகம் எது இருந்தாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும். காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஆர்.சி. விஷயத்தில், 2021இல் வந்த விண்டேஜ் விதி 50 ஆண்டுக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண்ணில் வி.ஏ. என்று வரும். ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும். செயின் வண்டிக்கு இதை நம்பாதீர்கள். அதை லோ-பெட் டிரெய்லரில்தான் கொண்டுபோக வேண்டும். சித்திரை வெயிலில் தார் இளகி நிற்கும் சாலையில் இரும்புச் செயின் ஏறினால் சாலை உரிந்துவிடும்.

துருவை எடுக்க எது நல்லது?

பாகத்தைப் பொறுத்தது. கவசத் தகடு தடிமனானது, 7 முதல் 10 மில்லிமீட்டர். அது பிளாஸ்டிங்கை, அதாவது காற்றழுத்தத்தில் துகளை வேகமாக அடித்துத் துரு நீக்குவதை, தாங்கும். மட்கார்டு, பெட்டி மூடி போன்ற மெல்லிய தகடு நெளிந்துபோகும். ஆற்று மணலால் அடிக்கச் சொல்லாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலைத் தின்னும். அடிக்கும் பையனுக்கு அது வாழ்நாள் நோய். கார்னெட் என்ற கல்துகளைக் கேளுங்கள். பிளாஸ்டிங் முடிந்த இரும்பு சென்னைக் காற்றில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூக்கும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். அதனால் காலையில் பிளாஸ்டிங், அன்றே பிரைமர். மறுநாள் என்று தள்ளினால் மறுபடி முதலிலிருந்து.

சின்னப் பாகங்களுக்கு மின்சார முறைதான் என் தேர்வு. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், 5 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. துருப்பிடித்த பாகம் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில், வேண்டாத இரும்புத் துண்டு பாசிட்டிவில். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பொடிப் பொடியாகக் குமிழி வரும், தண்ணீர் காவி நிறமாகும், துரு கறுப்புச் சேறாகக் கழன்றுவரும். இரும்பு குறையாது, வார்ப்பு எண் அப்படியே நிற்கும். பாசிட்டிவில் எவர்சில்வர் மட்டும் போடாதீர்கள். குரோமியம் விஷம் தண்ணீரில் இறங்கும். வெளியே வரும் வாயு ஹைட்ரஜன், அதனால் பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. ஸ்பிரிங்கையும் அலுமினியத்தையும் இதில் போடக்கூடாது.

இன்ஜின் ஜாம் ஆகியிருக்கிறது. கட்டி இழுத்தால் விடாதா?

விடும், சேர்த்து கனெக்டிங் ராடும் உடையும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிடுங்கள். வாரக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை. பிறகு கையால் மட்டும், முன்னும் பின்னுமாக ஒரு நூலளவு அசைத்துப் பாருங்கள். பிடித்திருப்பது பிஸ்டனாக இல்லாமல் வால்வாகவும் இருக்கலாம்.

இந்த வி8இல் எரிந்த புகை பிளாக்கின் உள்ளேயே, தண்ணீர் ஓடும் இடத்தைக் கடந்து வெளியேறுகிறது. குளிர் நாட்டிலேயே சூடாகும் இன்ஜின், சென்னையில் கேட்கவே வேண்டாம். நீர்ப்பாதைகளில் வார்ப்பு மணலும் துருவும் அடைத்திருக்கும். அதை முழுக்கத் துப்புரவு செய்யாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். வால்வு சீட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று மேக்னடிக் சோதனை செய்துகொள்ளுங்கள். சுடும் வரிசை 1-5-4-8-6-3-7-2. கம்ப்ரஷன் 6க்கு 1 என்ற அளவுதான், அதனால் சாதாரண பெட்ரோல் போதும். ஆனால் இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்.

கவசத் தகட்டில் வெல்டிங் போடலாமா?

சாதாரண ராடால் நேரடியாகப் போட்டால் அன்று நன்றாக இருக்கும். பிறகு வெல்டை ஒட்டியே மயிரிழை விரிசல் விழும். தகட்டைச் சூடாக்கிக்கொண்டு, லோ-ஹைட்ரஜன் ராடை அடுப்பில் காயவைத்து உடனே எடுத்துப் போட வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் பாக்கெட் பிரித்த ராடு ஒரு நாளிலேயே ஈரம் குடித்துவிடும். ரிவெட் இருந்த இடத்தில் ரிவெட்டே போடுங்கள். சூட்டு ரிவெட் அடிக்கத் தெரிந்த கை அரிதாகிவிட்டது; பெரம்பூர், அயனாவரம் பக்கம் ரயில்வே பட்டறையில் இருந்தவர்களை விசாரித்தால் ஆள் கிடைப்பார்.

உதிரி பாகம் புதுப்பேட்டையில் கிடைக்குமா?

கேரியர் பாகம் என்று கேட்டால் கிடைக்காது. பழைய ஃபோர்டு பாகம் என்று கேளுங்கள், மாதிரியைக் கையில் கொண்டுபோங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பேரிங் எண்ணைச் சொன்னால் சமமான பேரிங் எடுத்துத் தருவார்கள். புஷ், பின் எல்லாம் அம்பத்தூர் லேத்தில் ஆகிவிடும். புதிதாகச் செய்த ஒவ்வொரு பாகத்திலும் மறைவான இடத்தில் ஆண்டைப் பஞ்ச் செய்யுங்கள். பின்னால் பார்ப்பவர் பழையது எது, நம் கையால் செய்தது எது என்று ஏமாறக் கூடாது.

ஓட்டுவது கஷ்டமா?

கேரியரின் ஸ்டியரிங் அதிசயமான வேலை. வீலைக் கொஞ்சம் திருப்பினால் முன் ஜோடிச் சக்கரங்கள் இரண்டு பக்கமும் சேர்ந்தே பக்கவாட்டில் நகரும். செயின் வில்லாக வளைந்து வண்டி மெல்லத் திரும்பும். இன்னும் திருப்பினால் ஒரு பக்கச் செயினுக்கு பிரேக் விழுந்து சட்டென்று திரும்பும். அந்த முன் சக்கரங்களைத் தாங்கிப் பக்கவாட்டில் நகரும் குழாய் துருப்பிடித்து இறுகியிருந்தால் முதல் பாதி வேலை செய்யாமல், எடுத்ததும் பிரேக்கில் பாயும். நான்கு டன் வண்டி. மைதானத்தில், ஆள் யாரும் பக்கத்தில் நிற்காமல் பழகுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க எங்கே போகலாம்?

மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் என்றிருந்த அகில்யாநகரில் உள்ள டாங்கி மியூசியம். 1994இல் திறந்தது. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், டேப் எடுத்துப் போங்கள்.

மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?

தார்ப்பாயை இறுக்கிக் கட்டுவதுதான் பலரும் செய்வது. அதனால் உள்ளே வியர்த்து, வெளியில் நிற்பதைவிட வேகமாகத் துரு ஏறும். கூரை வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். 2015 டிசம்பரில் ஊரில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று தெருக்காரர்களைக் கேட்டு, அதற்கு மேலே மேடை கட்டி, ரயில்வே ஸ்லீப்பர் கட்டையில் வண்டியை ஏற்றுங்கள். கேரியரின் அடித்தட்டில் தண்ணீர் வடியும் அடைப்பான்கள் உண்டு. ஐப்பசி பிறக்கும் முன் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, எலி நுழையாமல் அந்தத் துளைகளுக்குக் கம்பி வலை கட்டுங்கள்.